வேனிற் கரை

மத்தியதரைக் கடலின் மேற்குக் கரையோரமாக, பிரான்சு நாடு ஸ்பானியாவைத் தொடுகின்ற எல்லைக்கு அணித்தாக, கொலியூர் என்றொரு சிற்றூர் உளது. பெயரின் ஈறு தமிழ்ச் செவிக்கு ‘ஊர்’ என ஒலிப்பது தற்செயலே. பிரனீஸ் மலைத்தொடர் கிழக்கு நோக்கி இறங்கி வந்து கடலிற் கால் நனைக்கின்ற இடம் அது. மூவாயிரம் பேர்கூட நிலையாக வாழாத அவ்வூரின் முகப்பு ஒரு சிறு குடா. குடாவின் நடுவே நீர் விளிம்பிற் பழைய கோட்டை நிற்கிறது. அதற்கு அப்பால், அடித்தளத்தை அலை தொடும்படியாக ஒரு தேவாலயம். அதன் உருண்டை வடிவான மணிக்கூண்டு முன்னொரு காலத்திற் கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்குக் கோபுரமாக இருந்தது. வற்றும் பெருக்கும் கண்ணுக்குப் புலப்படாத கடல் அது. காலையில் எவ்விடத்தில் நீர் நின்றதோ ஏறத்தாழ அவ்விடத்திலேயே மாலையிலும் நிற்கும். அமைதி என்ற சொல்லுக்கு ஓர் ஊரைச் சான்று காட்டவேண்டுமாயின் இதனைக் காட்டலாம் என்றே முதன்முறை வருபவனுக்குத் தோன்றும்.

தமிழ்ச் செய்யுள் மரபில் வேனில் என்பது பிரிவின் பொழுது. பாலைத்திணைக்கு உரியதாக அது வகுக்கப்பட்டது. வழியின் வெம்மையும் பிரிந்தோர் துயரும் அதனோடு சேர்த்தே எண்ணப்பட்டன. ஐரோப்பியனுக்கோ வேனில் விடுதலையின் பொழுது. ஆண்டின் பெரும்பகுதியை மங்கிய வானத்தின் கீழும் மூடிய கதவுகளுக்குள்ளும் கழித்தவன், யூலையும் ஓகஸ்டும் வந்ததும் தெற்கு நோக்கிப் புறப்படுகிறான். குளிர்காலத்திலே சாளரங்களை அடைத்து, வடமேற்கிலிருந்து வீசும் ‘திரமோந்தான்’ என்னும் வறண்ட காற்றுக்கு முதுகு காட்டிக் கிடந்த கொலியூர், அவன் வருகையை எதிர்நோக்கிக் கதவுகளைத் திறந்து வைக்கிறது.

அவ்வாறு வருகின்ற ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். பாரிசின் புறநகரிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவன் அவன் எனக் கொள்ளலாம். மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் இரண்டு வாரம் தங்குவதற்கு வந்திருக்கிறான். புகையிரத நிலையத்திலிருந்து சாய்வான வீதிவழியே பெட்டிகளை இழுத்துக்கொண்டு இறங்கும்போது, வீட்டு வரிசைகளுக்கு இடையே நீலத்தின் ஒரு கீற்று முதலிற் தெரிகிறது. பிள்ளைகள் கூவுகின்றனர். ஆண்டு முழுவதும் சேமித்த பணத்துக்கும் பொறுத்த களைப்புக்கும் அந்த ஒரு கணமே ஈடாகிவிடுகிறது.

அவனுடைய நாள்கள் எளிமையானவை. காலையிற் கூழாங்கற் கரையிலே துவாயை விரித்து இடம்பிடித்தல். வெயில் ஏறுமுன் நீந்துதல். பிள்ளைகள் பொறுக்கி வரும் கற்களுக்கு விலை மதித்தல். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மரநிழலிற் கூடுகின்ற சந்தைக்குச் சென்று பீச்சுப்பழமும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வாங்குதல். நண்பகலில் மரக்கதவங்களைச் சாத்திவிட்டு உறங்குதல். வெயில் தாழ்ந்ததும் இரும்புக் குண்டுகளை எறிந்து விளையாடும் முதியோரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தல். அவர்கள் ஒரு குண்டுக்கும் மறு குண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குனிந்து அளந்து, கத்தலான் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் மாறிமாறித் தர்க்கிப்பர். 1659ஆம் ஆண்டின் பிரனீஸ் உடன்படிக்கையினாலே இப்பிரதேசம் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டது. எல்லைக்கோடு மாறியபோதும் முதியோரின் நாவிலிருந்து மொழி முற்றாக மாறிவிடவில்லை.

இவ்வோய்வினைச் சோம்பல் என்று இகழ்வோர் உளர். அவர்கள் இதன் வரலாற்றை மறந்தவராவர். கொலியூரின் கோட்டை மயோர்க்கா மன்னர்களின் வேனில் வாசத்துக்கு உரியதாயிருந்த பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில், கடற்கரைக்கு ஓய்வு கருதி வருதல் மன்னருக்கும் அவர் பரிவாரத்துக்குமே இயன்றது. பின்னர் செல்வர்களுக்கு இயன்றது. தொழிலாளிக்கு ஓய்வென்பது பெரும்பாலும் நோயோ வேலையின்மையோதான். 1936ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களிற் பிரெஞ்சுத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்து ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்தனர். அதன் பயனாக அவ்வாண்டு யூன் 20ஆம் நாட் சட்டம், சம்பளத்துடன் கூடிய இருவார விடுமுறையை அவர்களுக்கு உரிமையாக்கியது. மக்கள் முன்னணி அரசிலே விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் பொறுப்பாயிருந்த லியோ லக்ராஞ், குறைந்த கட்டணப் புகையிரதச் சீட்டுக்கு ஏற்பாடு செய்தார். வாழ்நாளிற் கடலையே காணாத குடும்பங்கள் அவ்வேனிலிற் கடலைக் கண்டன. அவ்விருவாரம் 1956இல் மூன்று வாரமாயிற்று, 1969இல் நான்கு, 1982இல் ஐந்து. கூழாங்கற்களின்மீது விரிக்கப்பட்ட அத்துவாய்க்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. அவனுடைய பாட்டன் அமர்ந்திருந்த ஆலைத்தரையிலிருந்தே அது தொடங்குகிறது.

எனினும் ஒருவனின் ஓய்வு வேறொருவரின் உழைப்பின்மீதே அமைகின்றது என்பதை அவன் நெடுநேரம் உணராமல் இருக்க இயலாது. மாலையில் உணவகத்தின் வெளிமேசையிலே அவன்முன் வைக்கப்படும் தட்டில், சுட்ட சிவப்பு மிளகாயோடு நெத்தலி மீனின் செந்நிறத் துண்டுகள் கிடக்கின்றன. கொலியூரின் பெயரைப் பிரான்சு முழுவதும் அறியச்செய்தது அந்த உப்பிட்ட நெத்தலியே. பிடித்த மீனை உப்பிலே கலந்து, தலையையும் குடலையும் கையாலே கிள்ளி எடுத்து, ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என மாறிமாறிப் பீப்பாயில் அடுக்கி, மேலே பாரம் வைத்து மூன்று மாதத்துக்குக் குறையாமற் பதமாக விடுவர். பின்னர் கழுவி, நடுமுள்ளை நீக்கி, ஒவ்வொரு துண்டாக விரித்து வைப்பர். இவ்வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவர்கள் பெண்கள். உப்பு நீரில் ஊறிய அவர்களின் விரல்களை நினைப்போர் சிலரே. கருவாட்டின் மணமறிந்த எக்கரை மக்களுக்கும் அவ்விரல்களை இனங்காணல் அரிதன்று.

முன்னர் இவ்வூரிற் பலவாக இருந்த நெத்தலிச் சாலைகளுள் இரண்டு குடும்பங்களின் சாலைகளே எஞ்சியுள்ளன. 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் கொலியூர் நெத்தலிக்குப் பாதுகாக்கப்பட்ட புவியியற் குறியீட்டை வழங்கியது. ஆனால் வலைபோட்ட வள்ளங்கள் குடாவில் இல்லை. மீன் வேறு துறைமுகங்களிலிருந்து வந்து சேர்கிறது. கையின் திறன் இவ்வூரிலேயே நிலைத்திருக்க, கடலின் தொழில் இடம்பெயர்ந்துவிட்டது.

வள்ளங்கள் இருந்த காலத்தைக் காண விரும்புவோர் ஓவியங்களையே நாடவேண்டும். 1905ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹென்றி மத்தீஸ் என்னும் ஓவியர் இவ்வூருக்கு வந்தார். வயது முப்பத்தைந்து, குடும்பப் பாரமும் கைமுடையும் உடையவர். அவர் அழைக்க, யூலையில் அந்திரே தெரேன் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் வந்து சேர்ந்தார். அவ்வேனிலில் அவர்கள் செய்த செயலை ஓய்வு என்று சொல்வதா உழைப்பு என்று சொல்வதா என்பது எளிதிற் தீராத வினா. நிழல் கரியதாக இருக்கவேண்டும் என்ற விதியை அவர்கள் கைவிட்டனர். மணல் சிவந்தது, மலை இளஞ்சிவப்பும் ஊதாவுமாயிற்று, பாய்மரங்கள் செம்மஞ்சளாக எரிந்தன. மத்தீஸின் ‘திறந்த சாளரம், கொலியூர்’ என்ற ஓவியத்திலே சாளரத்தின் கீழ் வள்ளங்கள் ஆடுகின்ற நீர்கூட இளஞ்சிவப்பாகவே உள்ளது. அவ்வாண்டின் இலையுதிர்காலத்திற் பாரிசில் நிகழ்ந்த கண்காட்சியில் இவர்களது ஓவியங்களையும் இவர்களது தோழர் சிலரது ஓவியங்களையும் கண்ட விமர்சகர் லூயி வோக்செல், ‘காட்டு விலங்குகள்’ என்ற சொல்லை அவர்கள்மீது எறிந்தார். எறிந்த சொல்லே ஓர் ஓவிய இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

அவ்வோவியங்களில் உள்ள வள்ளங்கள் அலங்காரப் பொருள்களல்ல, அவை தொழிற்கருவிகள். ஒற்றைப் பாய் விரித்துச் செல்லும் அக்கத்தலான் வள்ளங்களைக் கரையிலே இழுத்து நிறுத்தி, மீனவர் மீன் இறக்கினர். அவர்தம் மனைவியர் வலை பொத்தினர். பிற்காலத்தில் விளக்கொளியைக் கடற்பரப்பிலே பாய்ச்சி நெத்தலிக் கூட்டத்தை மேலே வரச்செய்து வளைத்துப் பிடிக்கும் முறையும் வந்தது. ஓவியர் கண்ட அக்கரை ஓசையும் நாற்றமும் வியர்வையும் மிக்க ஒரு வேலைத்தலம். ஊருக்குப் புகழ் தேடித்தந்த வண்ணங்கள் அவ்வேலைத்தலத்திலிருந்தே எடுக்கப்பட்டன. புகழ் வந்தது, புகழைத் தேடி மக்கள் வந்தனர், வேலைத்தலம் மெல்ல மெல்ல நீராடு தலமாயிற்று. ஓவியர் நின்று தீட்டிய இடங்களில் அவ்வவ் ஓவியங்களின் பிரதிகள் இப்போது நாட்டப்பட்டுள்ளன. பிரயாணி ஒரு பிரதியின் முன்னே நின்று படத்தையும் கரையையும் மாறிமாறிப் பார்க்கிறான். கோபுரம் அவ்வாறே இருக்கிறது. மலை அவ்வாறே இருக்கிறது. வள்ளங்களும் மனிதருமே குறைகின்றனர். காட்சிக்கென வைத்திருக்கும் சில பழைய வள்ளங்கள் நீரில் மெதுவாக அசைகின்றன. வந்த நாளில் அவன் வியந்த அமைதி எவ்வாறு உண்டாயிற்று என்பதற்கு விடையின் ஒரு பகுதி அங்கே கிடைக்கிறது.

ஓகஸ்ட் நடுவில் ஊர் தன் அமைதியைத் தானே கலைத்துக்கொள்கிறது. புனித வின்சென்ற் திருவிழாவின்போது, 16ஆம் நாள் இரவிலே குடாவின்மேல் வாணவேடிக்கை நிகழும். சுற்று வட்டாரத்து மக்கள் எல்லாரும் கரையில் நெருங்கி அமர்ந்திருப்பர். விழா நாள்களில் ‘சர்தானா’ என்னும் வட்ட நடனமும் ஆடப்பெறும். ஒருவர் கையை ஒருவர் பற்றி, உயர்த்தி, அடிகளை எண்ணி எண்ணி வைத்து மெல்லச் சுழல்வர். தெரிந்தவர் தெரியாதவர் என்ற வேறுபாடின்றி எவரும் வட்டத்துட் புகலாம். புகுந்தவருக்காக வட்டம் அகன்று கொடுக்கும். தொழிற்சாலைக்காரனின் மகள் அவ்வாறு புகுந்து, அடி தவறி, அருகிலிருந்த முதியவளின் கால்களைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறாள். விருந்தினருக்கும் ஊரவருக்கும் இடையே பணம் கைமாறாத தருணங்கள் சிலவே; அது அவற்றுள் ஒன்று.

ஊரின் நடுவே, வீடுகளுக்கு இடையில், ஒரு பழைய இடுகாடு உண்டு. நிழல் தேடி அதனுள் நுழைந்தவன் ஒரு கல்லறையின்மீது மலர்களும் மடித்த கடிதங்களும் சிறு கொடிகளும் கிடப்பதைக் காண்கிறான். கடிதங்களை இடுவதற்கென அருகிலே ஒரு பெட்டியும் உண்டு. இறந்தவருக்கு இன்னும் கடிதம் எழுதப்படுகிறது. அக்கல்லறை ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோவினுடையது. குடியரசின் பக்கம் நின்ற அவர், பிராங்கோவின் படைகள் கத்தலோனியாவைக் கைப்பற்றியபோது, முதுமையில் தளர்ந்த தாயோடும் சகோதரரோடும் எல்லையைக் கடந்து, 1939 சனவரி இறுதியிற் கொலியூர் வந்து சேர்ந்தார். சிறியதொரு விடுதியில் இடங் கிடைத்தது. பெப்ரவரி 22ஆம் நாள், தமது அறுபத்து மூன்றாம் வயதில் இறந்தார். மூன்று நாள்களின் பின் தாயும் இறந்தார். கவிஞரின் மேலங்கிப் பையிலே, தம் குழந்தைப் பருவத்து வெயிலை நினைந்து எழுதிய ஒரு வரியுடன் ஒரு தாட்டுண்டு கிடந்தது.

கடலோரப் பாறைகளின் மேலாகச் செல்கின்ற நடைபாதையில் வடக்கு நோக்கிச் சென்றால் ஆர்ஜெலே என்னும் ஊரின் நீண்ட மணற்கரை வரும். கொலியூரின் கற்கள் காலை உறுத்துவதால், பிள்ளைகளோடு வருவோர் அம்மணலையே விரும்புவர். வேனிலிற் கூடாரங்களும் வண்ணக்குடைகளும் நிறைந்த கரை அது. 1939 பெப்ரவரியில் அங்கே கூடாரமும் இல்லை, குடையும் இல்லை. எல்லையைக் கடந்து வந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களுள் ஏராளமானோர் அவ்வெற்று மணலில், முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். ஒரு கட்டத்தில் அம்மணலில் இருந்தோர் தொகை ஓர் இலட்சத்தை எட்டியது. தொடக்க நாள்களிற் கூரை என்று எதுவும் இல்லை. கடற்காற்றுக்கும் குளிருக்கும் ஒதுங்க மணலைக் கையாலே தோண்டிக் குழிகளிற் படுத்தனர். அவ்வாண்டிலேயே கொலியூர்க் கோட்டையும், அடங்காதவர் எனக் கருதப்பட்ட அகதிகளைத் தண்டிக்கும் சிறையாயிற்று. மன்னரின் வேனில் மாளிகை அதுவே. இன்று பிரயாணிகள் சீட்டு வாங்கிக்கொண்டு நுழையும் கோட்டையும் அதுவே.

நெய்தலுக்கு இரங்கலையும் பாலைக்குப் பிரிவையும் உரிப்பொருளாக வகுத்த தமிழ் மரபு, பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்கியது. ஆர்ஜெலேயின் மணலில் நிகழ்ந்தது அப்பின்பனிக் காலத்துப் பிரிவு. நிலம் நெய்தல், ஒழுக்கம் பாலை. திணைமயக்கம் என்று இலக்கண நூலார் சொல்வதை அங்கே மனிதர் உடலால் அனுபவித்தனர். கடற்கரை மணல் விளையாட்டுக்கும் இடங்கொடுக்கும், வேலிக்கும் இடங்கொடுக்கும் என்பதை, இலங்கைத் தீவின் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆண்டுகளைச் சேர்த்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. தொழிலாளர் முதன்முதலாகக் கடற்கரைக்குச் சென்ற அதே 1936 வேனிலிலேயே எல்லைக்கு அப்பால் ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டது. ஒருபுறம் மக்கள் முன்னணி அரசொன்று தன் மக்களுக்கு ஓய்வை வழங்கியது; மறுபுறம் மக்கள் முன்னணி அரசொன்றை வீழ்த்தப் படைத்தலைவர் எழுந்தனர். மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், ஓய்வுக்கு உரிமையாக்கப்பட்ட கரையின் மணலே அகதியின் படுக்கையாயிற்று. ஓய்வும் அவலமும் வேறுவேறு உலகங்களுக்கு உரியனவல்ல. ஒரே மணலில், ஒரே தலைமுறையின் கண்முன்னே, ஒன்றன் இடத்தில் மற்றது வந்து அமரக்கூடும்.

அப்படியாயின் அத்தொழிலாளி என்ன செய்யவேண்டும்? துவாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டுமா? பிள்ளைகளின் சிரிப்பை அடக்க வேண்டுமா? அவ்வாறு கேட்பது அநீதியாகும். வென்றெடுத்த ஓய்வை அனுபவிப்பது குற்றமன்று. அவன் நீந்துவதனால் இறந்தோருக்கு இழுக்கில்லை. அம்முட்கம்பிகளுக்குப் பின்னால் இருந்தவர்களும், தம் பிள்ளைகள் ஒருநாள் இவ்வாறு கடலில் விளையாட வேண்டும் என்பதன்றி வேறெதனை விரும்பியிருப்பர்? மறதியே குற்றம். ஆர்ஜெலேயிலுள்ள நினைவுக்கல்லின் அருகே அவன் நிற்கிறான். இது என்ன கல் என்று மகள் கேட்கிறாள். விளையாட்டைக் கெடுக்க மனமின்றி, பிறகு சொல்கிறேன் என்று அவன் கடந்துவிடலாம். அன்றி, நீர் சொட்டும் தலையைத் துடைத்தவாறே அவளுக்கு ஏற்ற சொற்களிற் சொல்லவும் செய்யலாம். அவன் சொல்கிறான். அவள் சிறிது நேரம் மணலைப் பார்க்கிறாள்; பின்னர் மீண்டும் கடலுக்குள் ஓடுகிறாள். இரண்டும் வேண்டியனவே.

இரு வாரம் கழிகிறது. ஊரின் பின்னே, செங்குத்தான மலைச்சரிவுகளிற் கல்லடுக்கிக் கட்டிய படிகளில், முந்திரிகைக் குலைகள் கறுத்துவிட்டன. மண்ணை மழை அரித்துச் செல்லாதவாறு அப்படிகளுக்கு இடையே, சேவலின் காலைப்போலக் கிளை பிரிந்து கூடுகின்ற வாய்க்கால்களை முன்னோர் வெட்டிவைத்தனர். ‘சேவற்கால்’ என்பதே அவற்றின் பெயர். பொறி ஏற இயலாத சரிவுகள் ஆதலின், பழத்தைக் கையாலேயே கொய்து, முதுகிற் சுமந்து இறக்கவேண்டும். முன்னர் கடலில் வலை வீசிய குடும்பங்களே மலையில் முந்திரிகையும் வளர்த்தன. கடற்றொழில் போனபின்பும் இம்மலைத்தொழில் நிற்கிறது.

புறப்படும் நாட் காலையில், பெட்டிகளோடு புகையிரத நிலையத்தின் மேடையில் நிற்கும் குடும்பத்துக்கு, மலைப்படிகளிற் குனிந்த முதுகுகள் சில தெரிகின்றன. அறுவடை தொடங்கிவிட்டது. இன்னும் சில நாள்களில் அவனும் ஆலைப் பொறியின் முன்னே அவ்வாறு குனிந்து நிற்பான். மகன் கையிலுள்ள பையிற் கொலியூரின் கற்கள் கலகலக்கின்றன. மகள் அந்த முதுகுகளை நோக்கிக் கையசைக்கிறாள். தொலைவிலிருந்து ஒருவர் நிமிர்ந்து, இடுப்பிற் கையூன்றி, மறுகையை உயர்த்துகிறார். புகையிரதம் வந்து நிற்கிறது.